கருவி உண்டு, கருத்தா இல்லை

தமிழ்த் தினசரிகளின் வெளிநாட்டுச் செய்திகளில் அதிகமாக உழைக்கும் சொல் எது என்று கேட்டால் 'பலி' என்றுதான் சொல்வேன். 'வான்தாக்குதலில் 50 பேர் பலி', 'குண்டுவெடிப்பில் 12 பேர் பலி', 'ஷெல் வீச்சில் மூன்று குழந்தைகள் பலி'. நாற்பது வருஷங்களுக்கும் மேலாக இந்த வாக்கியத்தைப் படித்துவருகிறேன். ஊரின் பெயரும் எண்ணும் மாறுகின்றன, வாக்கியம் மாறுவதில்லை. பெய்ரூட்டுக்காகக் கோத்த எழுத்துக்களைப் பிரிக்காமலே பாக்தாத், கிளிநொச்சி, அலெப்போ, காஸா என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பத்திரிகைகளின் பாரபட்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், எந்தப் பத்திரிகை எந்த நாட்டின் பக்கம், முதலாளி யார், விளம்பரம் யாருடையது என்ற தளத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். கேட்கவேண்டிய கேள்விகள்தாம். ஆனால் பாரபட்சம் தலையங்கத்தில் இருப்பதைவிட வாக்கிய அமைப்பில் அதிகம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தலையங்கத்தோடு வாசகன் சண்டைக்குப் போகலாம். வாக்கிய அமைப்போடு அவன் சண்டைக்குப் போவதில்லை, அதற்குள் குடியிருக்கிறான். மொழியிலேயே கிடக்கும் நம்மைப் போன்றவர்கள் இதைப் பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

பள்ளிக்கூட இலக்கணத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளலாம். தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விடலாம்; அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயரே இருக்கிறது. 'சுட்டார்கள்' என்றால் சுட்டவர்கள் இருக்கிறார்கள், விகுதி அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். செயப்பாட்டு வினையிலும் செய்தவன் முழுக்கத் தப்பிக்க வேண்டியதில்லை. மூன்றாம் வேற்றுமை உருபு அவனைப் பிடித்துவைக்கும். அந்த வேற்றுமைக்குக் கருத்தாப் பொருளும் உண்டு, கருவிப் பொருளும் உண்டு. தச்சனால் செய்யப்பட்டது, உளியால் செய்யப்பட்டது. செய்தி வாக்கியம் செய்திருக்கும் காரியம், கருவியை வைத்துக்கொண்டு கருத்தாவை அனுப்பிவிட்டதுதான். ஷெல் வீச்சு இருக்கிறது; வீசியவன் இல்லை. 'பலி' பெயர்ச்சொல்லானதால் விகுதியை வைத்துக்கூட அவனைத் தேடமுடியாது.

இதற்காக இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியரை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஏஜன்ஸியிலிருந்து வந்த இங்கிலீஷ் செய்தியைப் பக்கம் கட்டும் நேரத்துக்குள் அவர் தமிழாக்க வேண்டும். தலைப்புக்கு இருப்பதோ மூன்று காலம் அகலம். இரண்டெழுத்துச் சொல் அவருக்கு வரப்பிரசாதம். கொன்றவன் யார் என்பது நாலாவது பாராவில், 'எனக் கூறப்படுகிறது' என்ற காவலோடு வந்துசேரும். கவனிக்கவேண்டியது வேறு. இதே உதவி ஆசிரியர் சில சமயங்களில் கருத்தாவைத் தாராளமாக அனுமதிக்கிறார். 'தீவிரவாதிகள் சுட்டதில் ஐந்து பேர் பலி' என்று அவரால் எழுதமுடிகிறது. விமானப்படை வைத்திருப்பவனுக்குக் கருவி வாக்கியம். துப்பாக்கி மட்டும் வைத்திருப்பவனுக்குக் கருத்தா வாக்கியம். இந்தப் பங்கீட்டில்தான் பாரபட்சம் இருக்கிறது. யாரும் உத்தரவு போடாமலே அது நடக்கிறது.

*

இந்த வாக்கியம் எனக்கு உறுத்தத் தொடங்கியதற்கு என் பிழைப்பும் ஒரு காரணம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் ஷாப்புகளில் வெளிநாட்டுக் கடிதங்கள் டைப் அடிக்கும் குமாஸ்தாவாக முப்பது வருஷங்கள் இருந்தேன். ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் புகார்க் கடிதங்கள் வரும். 'சரக்கு சேதமடைந்திருந்தது' என்று நாங்கள் பதில் எழுதினால் விடமாட்டார்கள். எங்கே சேதமடைந்தது, யாருடைய கையில் என்று அடுத்த கடிதம் வரும். தரம் பிரிக்கும் செலக்டர் ஒரு தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதன் சரித்திரத்தையே சொல்லிவிடுவார். இது உண்ணி கடித்த தழும்பு. இது மாட்டுக்காரன் வைத்த சூடு. இது உரிக்கும்போது கசாப்புக்காரன் கத்தி பட்ட இடம். இது கோடவுனில் உப்புப் போதாமல் அழுகியது. ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு பொறுப்பாளி. பணம் போகிற இடத்தில் கருத்தா இல்லாத வாக்கியத்தை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

பத்திரிகையின் வர்த்தகப் பக்கமும் இப்படித்தான். 2023 கடைசியில் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கினார்கள், கப்பல் கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக முடிவுசெய்தன, வாடகையை உயர்த்தின, ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய ஆம்பூர் ஷூக்கள் தாமதப்பட்டன. அந்தப் பக்கத்தில் யார் எதைச் செய்தார்கள் என்பது குழப்பமில்லாமல் இருந்தது. அதே நாட்களில் முதல் பக்கத்தில் காஸாவில் மனிதர்கள் வெறுமனே 'பலி'யாகிக்கொண்டிருந்தார்கள்.

பலி என்ற சொல்லைத் தோல் ஊர்க்காரன் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பக்ரீத் முடிந்த மறுநாளே எங்கள் பக்கத்து உப்புக் கோடவுன்களில் தோல் வந்து குவியும். குர்பானி கொடுப்பவர் யார், யார் பேரில் கொடுக்கிறார், மூன்று பங்கில் எது வீட்டுக்கு, எது உறவினருக்கு, எது ஏழைக்கு, தோல் எந்த மதரஸாவுக்கு அல்லது அனாதை இல்லத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. காளியம்மனுக்குக் கெடா வெட்டும் என் சொந்தக்காரர்களுக்கும் அவர்கள் வழியில் ஒரு கணக்கு உண்டு. கொடுப்பவன், பெறுகிற தெய்வம், வேண்டுதல் மூன்றும் இருந்தால்தான் அது பலி. பத்திரிகை எழுதும் பலியைக் கொடுத்தது யார், எந்தச் சாமிக்கு, என்ன வேண்டுதலுக்கு? ஆட்டுக்கு இருக்கிற வாக்கியம்கூட மனிதனுக்கு இல்லாமல் போயிருக்கிறது.

*

1990ஆம் வருஷத்தின் மூன்று மாதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை இரவு, இலங்கையின் கிழக்கே காத்தான்குடியில், இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் இருந்தவர்களை ஆயுதம் ஏந்தியவர்கள் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு.

நான் அப்போது வாணியம்பாடியில் இருந்தேன். எங்கள் மாவட்டத்துக்கு அன்று வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பேர். தோல் ஷாப்புக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு தமிழ்த் தினசரியும், பெங்களூரிலிருந்து வரும் ஓர் உருதுப் பத்திரிகையும், முதல் நாள் தேதியிட்ட ஓர் இங்கிலீஷ் பேப்பரும் கிடக்கும். அந்த வாரம் மூன்றிலும் குவைத்துதான். அதில் அதிசயமில்லை. எங்கள் ஊர்களில் பல வீடுகளின் அடுப்பு வளைகுடாப் பணத்தில் எரிந்தது. அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களைக் கொண்டுவந்து சேர்க்க அக்டோபர் வரைக்கும் ஆயிற்று. எங்கள் ஷாப் செலக்டரின் தம்பியும் குவைத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் தினமும் மூன்று பேப்பர்களையும் புரட்டுவார். உருதுவை அவரே படிப்பார். தமிழை நான் படித்துச் சொல்வேன்.

அவர்தான் எனக்கு உருதுப் பத்திரிகை சாவுக்கு வைத்திருக்கும் மூன்று சொற்களை விளக்கினார். நம்மவன் கொள்கைக்காகச் செத்தால் ஷஹீத். ஒன்றுமறியாத ஜனங்கள் செத்தால் ஜான்பஹக். உயிர் போய் உரியவனிடம் சேர்ந்தது என்கிற மாதிரி மரியாதையான சொல். எதிரி செத்தால் ஹலாக், தொலைந்தான். தமிழ் கொன்றவனை ஒளிக்கிறது, உருது செத்தவர்களுக்குத் தரம் பிரிக்கிறது என்று நான் சொன்னேன். தரம் பிரிப்பது அவருடைய தொழிலாகையால் சிரித்துக்கொண்டார். பிறகு அவர் கேட்டதுதான் இன்றுவரை எனக்குள் கிடக்கிறது.

"இந்தக் காத்தான்குடிக்காரங்க எந்தக் கணக்குல சார் வராங்க? உங்க பேப்பர்ல ஈழத் தமிழன்னா அதுல இவங்க இல்ல. எங்க பேப்பர்ல மில்லத்துன்னா துருக்கி வரைக்கும் போவும், மட்டக்களப்பு வராது. அவங்க வீட்ல பேசறதும் தமிழ்தானே?"

"தமிழ்தான் பாய்" என்றேன்.

"அப்ப சுட்டவன் பேசனதும் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்."

அந்த ஆகஸ்டில் கடைக்கு வந்த தமிழ்த் தினசரியில் இந்தச் செய்தி உள்பக்கத்தில், வழக்கமான வாக்கியத்தில் வந்திருந்தது. துப்பாக்கிச் சூட்டில் இத்தனை பேர் பலி. இலங்கை ராணுவம் கொன்றபோதெல்லாம் கொன்றவன் பெயரைத் தலைப்பிலேயே வைத்து எழுதிய பத்திரிகை அது. விடுதலைப் புலிகள் தாங்கள் செய்யவில்லை என்று மறுத்தார்கள். உயிர் தப்பியவர்கள் புலிகள்தாம் என்று சொன்னார்கள். இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால் அது வாக்கியம். இரண்டையும் தள்ளிவிட்டு, துப்பாக்கியை மட்டும் வைத்துக்கொள்வது வேறொரு காரியம்.

அக்டோபருக்கு வருகிறேன். 10ஆம் தேதி வாஷிங்டனில், காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலரின் மனித உரிமைக் குழு முன்னால், நயீரா என்ற பதினைந்து வயதுப் பெண் கண்ணீரோடு சாட்சி சொன்னாள். குவைத் ஆஸ்பத்திரியில் ஈராக்கியச் சிப்பாய்கள் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டார்களாம். ஜனாதிபதி புஷ் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். யுத்தத்துக்கு ஆதரவாக செனட்டில் பேசியவர்கள் சொன்னார்கள். 1991 ஜனவரியில் செனட் 52க்கு 47 என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள், ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்ட்டன் என்ற விளம்பரக் கம்பெனி என்பது 1992இல் வெளியே வந்தது. அதற்குள் யுத்தம் நடந்து முடிந்திருந்தது. குழந்தைகளை இழுத்துப்போட்ட கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அதே அக்டோபரின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 30ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மொத்தத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல், கையில் எடுத்துக்கொள்ள விட்டதை எடுத்துக்கொண்டு புத்தளம் பக்கம் போனார்கள். அவர்களிடமும் பதினைந்து வயதுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களைச் சாட்சி சொல்ல அழைக்க ஒரு கமிட்டி இல்லை, ஏற்பாடு செய்ய ஒரு கம்பெனி இல்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் ஆன்டன் பாலசிங்கம் இந்த வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். பன்னிரண்டு வருஷங்கள் கழித்து அந்த வாக்கியத்துக்குக் கருத்தா கிடைத்தான்.

நடக்காத கொலைக்குக் கருத்தாவும் செயப்படுபொருளும் கண்ணீரும் கிடைத்த மாதத்தில், நடந்த வெளியேற்றத்துக்கு ஒரு முழு வாக்கியம் கிடைக்கவில்லை. இதை மேற்கத்திய ஏஜன்ஸிகளின் சதி என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. இரண்டாவது மௌனம் தமிழில் நிகழ்ந்தது.

*

ஏஜன்ஸிகளைப் பற்றிய விவாதம் பழையது. செய்தி வடக்கிலிருந்து தெற்குக்கு மட்டுமே பாய்கிறது என்று மூன்றாம் உலகம் சொன்னது சரி. 1980இல் யுனெஸ்கோவுக்காக மக்பிரைட் கமிஷன் கொடுத்த அறிக்கை அதை விரிவாகவே சொன்னது. அமெரிக்கா 1984 முடிவிலும் பிரிட்டன் 1985இலும் யுனெஸ்கோவை விட்டு வெளியேறியதில் இந்த விவாதத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் மாற்று என்று நாம் என்ன வைத்திருந்தோம்? அணிசேரா நாடுகளின் செய்தித் தொகுப்புக்கான மாநாடு 1976 ஜூலையில் டில்லியில் கூடியது. நெருக்கடிநிலைக் காலம், பத்திரிகைத் தணிக்கை அமலில் இருந்தது, நாட்டின் நான்கு செய்தி ஏஜன்ஸிகளையும் அரசாங்கம் ஏற்கெனவே 'சமாச்சார்' என்ற ஒரே ஸ்தாபனமாக்கிவிட்டிருந்தது. சுதந்திரமான செய்தியைப் பற்றிய பேச்சு அந்த ஊரில், அந்த மாதத்தில் நடந்தது. ரூட்டரின் குரலுக்குப் பதிலாக அரசாங்கத்தின் குரல் என்பதே நமக்குத் தெரிந்த மாற்றாக இருந்தது.

அந்தக் குரல் எப்படிப் பேசும் என்பது 1987இல் தெரிந்தது. அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்திய அமைதிப்படை டாக்டர்கள், தாதிகள், நோயாளிகள் என்று அறுபது பேருக்கு மேல் சுட்டுக் கொன்றது. இருதரப்புச் சண்டையின் இடையில் சிக்கிச் செத்தார்கள் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். இடையில் சிக்குவது! சண்டை ஏதோ இயற்கைப் பொருள் போலவும், நோயாளி அதன் வழியில் போய்ப் படுத்துக்கொண்டவன் போலவும் இந்தத் தொடர் ஆக்கிவிடுகிறது.

2009இல் வன்னியிலும் கருத்தா இல்லாத வாக்கியம்தான் நமக்கு வந்தது. அதற்கு வேண்டிய ஏற்பாடு முன்கூட்டியே நடந்திருந்தது. 2008 செப்டம்பரில் இலங்கை அரசாங்கம் ஐ.நா. ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியேறச் சொன்னது. சுயேச்சையான நிருபர்களைப் போர்முனைக்கு விடவில்லை. புலிகள் தங்கள் பிடியிலிருந்த ஜனங்களை வெளியேற விடவில்லை. தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் எழுபதாயிரத்தை ஒட்டித்தான் என்று 2009 தொடக்கத்தில் அரசாங்கம் சொல்லியது. போர் முடிந்தபோது முகாம்களில் அடைபட்டவர்கள் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். 2011இல் ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு, செத்த பொதுமக்கள் தொகை நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றது. பெரும்பாலோர் அரசாங்கப் படையின் ஷெல் வீச்சில் செத்தார்கள் என்றும் சொன்னது. கருத்தா வந்துசேர இரண்டு வருஷங்கள்.

காஸாவில் இஸ்ரேல் அதே பாடத்தைப் பின்பற்றியது. 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றது. அதற்குப் பின் நடந்த யுத்தத்தில் வெளிநாட்டு நிருபர்கள் தன் படையின் துணையோடல்லாமல் காஸாவுக்குள் போக இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. உள்ளே இருந்த பாலஸ்தீன நிருபர்கள் நூறு பேருக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 11ஆம் தேதி ஜனாதிபதி பைடன், தலை வெட்டப்பட்ட குழந்தைகளின் படங்களைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் பார்க்கவில்லை என்று வெள்ளை மாளிகை திருத்தியது. உண்மையில் நடந்த கொலைகள் போதாவென்று, முப்பத்து மூன்று வருஷங்களுக்குப் பின் மறுபடி குழந்தைகளைத் தேடிப்போனார்கள்.

*

'நாம் இங்கே ஓர் ஓரத்தில் இருந்துகொண்டு உலகச் செய்தியின் இலக்கணத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வெளிநாட்டுச் செய்தி என்பது எப்போதும் வேறு யாருக்கோ உள்ளூர். வேலூரும் ஒரு காலத்தில் லண்டனுக்குக் கப்பலில் போன வெளிநாட்டுச் செய்திதான். 1806 ஜூலை 10ஆம் தேதி கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்து ஐரோப்பியர்களைக் கொன்றார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைப் பிடித்தான். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இறந்த ஐரோப்பியர்கள் நூற்றுச் சொச்சம் என்பதில் நூல்கள் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. இறந்த சிப்பாய்களின் தொகை முந்நூற்றைம்பதில் தொடங்கி எண்ணூறு வரை போகிறது. எண்ணத் தோன்றாதவர்களின் தொகை இப்படித்தான் நீளும், சுருங்கும்.

இந்த வாக்கியம் வெளிநாட்டோடு நின்றுவிடுவதுமில்லை. 2015 ஜனவரி 31ஆம் தேதி அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 'சுவர் இடிந்து 10 பேர் பலி' என்று ஊரெல்லாம் படித்தோம். சுவர்தான் கருவி. அந்தச் சுவரைக் கட்டியவர், அதன் கொள்ளளவுக்கு மேல் கழிவைத் தேக்கியவர், சோதிக்கவேண்டியவர் எல்லோரும் தலைப்புக்கு வெளியே நின்றார்கள். பெய்ரூட்டில் பழகிய வாக்கியம் பாலாற்றங்கரைக்கு வந்து, கொஞ்சமும் அந்நியமாகத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டது. ஜெர்மன்காரன் ஒரு தோலின் தழும்புக்குக் கேட்ட கேள்வியை இந்தப் பத்துப் பேருக்காகக் கேட்கும் வாக்கியம் நம் தினசரிகளிடம் அன்று தயாராக இல்லை.

நம் கவிதைகளிலும் இது நுழைந்துவிட்டது. இப்போது எனக்கு வருகிற பத்திரிகைகளில் காஸா பற்றிய கவிதைகள் இருக்கின்றன. ரத்தம் பெருகுகிறது, பொம்மைகள் சிதறுகின்றன, வானம் எரிகிறது. துக்கம் நிஜமானது என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எரித்தவனைத் தேடினால், பெரும்பாலானவற்றில் அவன் இல்லை. வானம் தானாகவே எரிகிறது. தினசரியின் வாக்கியத்தை மடக்கி எழுதியதுபோல் இருக்கிறது. கோபமாக எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. கோஷக் கவிதைகளில் கருத்தா உண்டு. ஆனால் அங்கே ஒருவன்தான் நிரந்தரக் கருத்தா, அவன் எப்போதும் நம் ஆள் இல்லாதவன். செலக்டர் பாய் கேட்ட கேள்விக்கு இரண்டு வகைக் கவிதையிலும் பதில் இல்லை.

மொழியில் குறை ஒன்றும் இல்லை. தமிழில் இந்த வாக்கியங்களை எழுதிப் பார்த்தால் அவை மிகவும் சாதாரணமாக வந்து நிற்கின்றன. காஸாவில் வீடுகளுக்குள் இருந்தவர்களை இஸ்ரேலிய விமானங்கள் குண்டு போட்டுக் கொன்றன. இஸ்ரேலின் கிராமங்களில் வீடுகளுக்குள் இருந்தவர்களை ஹமாஸ்காரர்கள் கொன்றார்கள். வன்னியில் ஜனங்கள் நிறைந்த இடங்களில் இலங்கை ராணுவம் ஷெல் அடித்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை இந்தியச் சிப்பாய்கள் சுட்டார்கள். காத்தான்குடியில் தமிழில் பேசிய ஆயுததாரிகள், தமிழில் பேசிய மனிதர்களை, அவர்கள் தொழுதுகொண்டிருந்தபோது முதுகில் சுட்டார்கள்.